அடுக்குமாடி மேனேஜர்களின் தொழில் தரத்தை உயர்த்த, வீட்டுக்காரர்கள் என்ன செய்ய முடியும்?

இரண்டு ஆண்டுகளில் மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள், யாருக்கும் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் கொண்டோவின் எம்சி குழுவில், அதாவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவில், மூன்று ஆண்டுகள் இருந்தேன். அதில் இரண்டு ஆண்டு பொருளாளர். எங்களுக்கும் இதே கதைதான் நடந்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் குழுவில் சேர்ந்த சில வாரங்களில், அப்போதிருந்த மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் விலகல் செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை அலுவலக அலமாரியைத் திறந்தால் லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லை, கட்டடத்தின் வரைபடங்கள் இல்லை, எந்தக் காண்ட்ராக்டருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் இல்லை. தண்ணீர் பம்பு அறைச் சாவி எங்கே இருக்கிறது என்பது நேப்பாளத்து ஜாகா (காவலாளி) ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. 312 வீடுகள் உள்ள கட்டடம் இது.

அந்த மேனேஜர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்த்தவர். நிர்வாக நிறுவனம் அவரை இரண்டு வாரம் வேறொரு கட்டடத்தில் உட்கார வைத்துவிட்டு, நேரே எங்களிடம் அனுப்பிவிட்டது. ஒன்பதாவது மாடியில் ஓர் அம்மா வீட்டில், சாமி அறைக் கூரையிலிருந்து நான்கு மாதமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விளக்கேற்ற முடியாமல் சாமி படங்களை எல்லாம் வரவேற்பறைக்கு மாற்றி வைத்திருந்தார். அவர் புகார் கொடுத்த ஒவ்வொரு முறையும், "மேல் வீட்டுக்காரரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாடிக்கு மாடி நீர்க்கசிவு என்று புகார் வந்தால், நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த 5 நாளுக்குள் காரணத்தை எழுதிச் சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல் வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்த மேனேஜருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. குழுவில் இருந்த எங்களுக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு நாங்கள் செய்த அநியாயம் அது, இன்றும் எனக்கு உறுத்துகிறது.

தொழில் தரம் என்றதும், மேனேஜர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்பதைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். பதிவு அவசியம்தான். 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் 1 அன்று கோலாலம்பூரில் நடப்புக்கு வந்தது. அதற்கப்புறம் 1981-ஆம் ஆண்டு சொத்து மதிப்பீட்டாளர் சட்டம் திருத்தப்பட்டு, 2018 ஜனவரி 2 முதல் சொத்து நிர்வாகிகளும் மதிப்பீட்டாளர்கள், எஸ்டேட் ஏஜெண்டுகளோடு சேர்ந்து ஒரே வாரியத்தின் கீழ் வந்தார்கள். பதிவு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் பதிவு பெற்றவர் பெரும்பாலும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருப்பார். உங்கள் கட்டடத்தில், கார்ப் பார்க்கை ஒட்டிய சின்ன அறையில் தினமும் உட்காருபவர் வேறு ஆள். நிறுவனமே வேண்டாம் என்று எம்சி தானே ஆள் போட்டு நடத்தினாலும், அந்த ஆளும் பதிவு பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, அந்தச் சின்ன அறையில் யார் உட்கார வேண்டும் என்பதை வீட்டுக்காரர்களாகிய நாம்தான் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

நாங்கள் முதலில் அப்படிக் கேட்கவில்லை. மூன்று கொட்டேஷன் வாங்கினோம், மிகக் குறைவானதை எடுத்தோம். அடுத்த நிறுவனத்துக்கும் அதற்கும் மாதம் 900 வெள்ளிதான் (ரிங்கிட்) வித்தியாசம். 312 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் மூன்று வெள்ளிகூட வராது, ஒரு தே தாரிக் (பால் தேநீர்) காசு. அந்தக் காசை மிச்சப்படுத்தினோம். நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய மேனேஜரையே இன்னொரு கொண்டோவையும் சேர்த்துப் பார்க்க வைத்தது. பாதி நாள் எங்கள் அலுவலகம் பூட்டியே கிடந்தது.

இன்னொரு விஷயம், சிங்கிங் ஃபண்ட். மாதக் கட்டணத்தின் மேல் 10 விழுக்காடு தனியாகக் கட்டுகிறோமே, அது. வர்ணம் பூசுவது, பழைய லிப்டை மாற்றுவது போன்ற பெரிய செலவுகளுக்கு மட்டும்தான் அந்தப் பணம். அதற்குத் தனி வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் வசூல் குறைந்த மாதங்களில் ஜாகா சம்பளத்தை அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்று மேனேஜர் சொல்ல, முந்தைய குழுவும் செக்கில் கையெழுத்துப் போட்டிருந்தது. லிப்டின் கம்பிவடத்தை மாற்ற வேண்டும் என்று வந்தபோது பணம் போதவில்லை. இரண்டாவது லிப்ட் ஏழு வாரம் ஓடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் டயாலிசிஸுக்குப் போக, மிச்சமிருந்த ஒரே லிப்டுக்காகக் காலை நேர நெரிசலில் காத்துக்கிடந்தார். விவரம் தெரிந்த மேனேஜராக இருந்தால் அந்தச் செக்கை எழுதவே மறுத்திருப்பார்.

அப்புறம் நிறுவனத்தை மாற்றினோம். வந்தவர் முப்பது வயதுப் பெண். வேறொரு கட்டடத்தில் கிளார்க்காகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். முதல் நாளே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழே பம்பு அறைவரை ஜாகாவோடு நடந்தார். ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதி மாட்டினார். ஒன்பதாவது மாடி அம்மாவின் வீட்டுக்கு ஆறாவது நாள் பிளம்பரோடு போனார். மேல் வீட்டுக் குளியலறைத் தரைதான் காரணம் என்று தெரிந்தது. சான்றிதழை எழுதி இரண்டு வீட்டுக்கும் கொடுத்தார். மேல் வீட்டுக்காரர் முதலில் கத்தினார், எழுத்தைப் பார்த்ததும் செய்து கொடுத்துவிட்டார்.

அவர் வைத்திருந்த தினக்குறிப்பு என்னைக் கவர்ந்தது. என் அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அன்றன்று ஏறாத கணக்கு மாதக் கடைசியில் சண்டையாகத்தான் வரும் என்பார். இந்தப் பெண்ணும் அப்படித்தான். யார் புகார் கொடுத்தார், யாரை அனுப்பினார், எப்போது முடிந்தது, எல்லாம் தேதியோடு இருக்கும். அவர் நாளைக்கே போனாலும் அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம்.

அவரையும் நாங்கள் இழக்கப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். குழு உறுப்பினர் ஒருவர் தன் சொந்தக்காரருக்கு வர்ணம் பூசும் குத்தகையைக் கொடுக்கச் சொன்னார். மேனேஜர் கொட்டேஷன் இல்லாமல் முடியாது என்று மின்னஞ்சலில் பதில் எழுதினார். அந்த உறுப்பினர் எல்லார் முன்னாலும், "நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம், நீ எங்களுக்குச் சட்டம் சொல்கிறாயா" என்று கேட்டார். மற்ற நாங்கள் அன்று வாயைத் திறந்து மேனேஜர் பக்கம் நின்றதால்தான் அவர் தங்கினார். குழு தவறாகக் கேட்கும்போது முடியாது என்று எழுதும் துணிச்சலும் இந்தத் தொழிலின் தரம்தான். அப்படி எழுதியவரைத் துரத்திவிட்டால், தலையாட்டுகிறவர்தான் நமக்கு மிஞ்சுவார்.

உங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறேன். புதிய ஒப்பந்தத்தில் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டடத்தில் உட்காரப்போகும் மேனேஜரின் பெயரும் அனுபவமும், அவர் வேறு கட்டடம் பார்க்கக் கூடாது என்பது, மாற்றுவதாக இருந்தால் புதியவரும் பழையவரும் குறைந்தது இரண்டு வாரம் சேர்ந்து வேலை செய்வது, சாவி முதல் காப்புறுதிப் பத்திரம்வரை கைமாற்றுப் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுவது. ஆண்டுக்குச் சில நாள் அவரைப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இதற்குக் கட்டணம் கொஞ்சம் கூடும். கூட்டத்தில் எழுந்து, அந்தக் கூடுதலுக்கு நான் சம்மதிக்கிறேன் என்று முதலில் நீங்களே சொல்லுங்கள். மற்றவர்கள் அப்புறம் கை தூக்குவார்கள்.

இதைக் கூட்டத்தன்று வாய்மொழியாகக் கேட்டால் எடுபடாது. கூட்ட அறிவிப்பு குறைந்தது 14 நாளுக்கு முன்பே வர வேண்டும். உங்கள் தீர்மானத்தை எழுத்தில், கூட்டத்துக்கு 7 நாளுக்குக் குறையாமல் அலுவலகத்தில் கொடுத்தால் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூட்டத்துக்கு முந்தைய 7-ஆம் நாள் கட்டணப் பாக்கி இருந்தால் ஓட்டுப் போட முடியாது. உங்கள் பக்கம் இருக்கும் அண்டை வீட்டார் எல்லாரும் கட்டிவிட்டார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். தீர்மானத்தை மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதி இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.