தொப்பையும் அதிக இன்சுலினும் ரத்த அழுத்தத்தை ஏன் ஏற்றுகின்றன?

தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. வில்லங்கம் இங்கேதான்: சிறுநீரகம் மட்டும் வழக்கம்போல் இன்சுலினுக்குப் பணிந்து, சோடியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது, கூடவே நீரும் தங்குகிறது. இன்சுலினோடு, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் சேர்ந்து பரிவு நரம்புகளை, அதாவது உடலைப் பரபரப்பாக்கும் தானியங்கி நரம்புகளை, தூண்டுவதால் நாடி வேகமாகும், ரத்தக்குழாய்கள் இறுகும். அவற்றைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடோ குறைந்துவிடும். இறுகிய குழாய்களின் எதிர்ப்பை மீறி ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விரிந்து கொடுக்காது. நடந்தால் மூச்சு வாங்கும்.

எடையைவிட இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் ஏறக்குறைய 1 புள்ளி (மி.மீ. பாதரசம்) இறங்கும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். பருத்த கையில் சிறிய பட்டை கட்டி அளந்தால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். பெரிய பட்டை கேளுங்கள்.