எக்காலத்துக்கும் தலைசிறந்த ஓவியர் யார்?

உலகின் தலைசிறந்த ஓவியர் லியோனார்டோவா, பிக்காசோவா என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் இந்த வாதம் எழுந்தால் ரவி வர்மாவின் பெயரும் வந்துவிடும். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் இலட்சுமி, சரசுவதி படங்களைத் தழுவிய நாட்காட்டிகள் தோட்டத்து லயன் வீடுகளின் சாமி மேடை வரை வந்து சேர்ந்தவை அல்லவா! பரவலே அளவுகோல் என்றால் அவரை வெல்வது கடினம்.

ஆனால், தூரிகை செய்த வேலையைக் கொண்டே ஓவியரை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. லியோனார்டோ வரைந்தவை என உறுதியாக ஏற்கப்படுபவை இருபதுக்கும் குறைவு. பிக்காசோவின் ஆற்றலுக்கு 1937-இல் வரைந்த ‘குவெர்னிகா’ ஒன்றே போதும். ஆயினும் நான் தேர்ந்தெடுப்பவர் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். 1656-இல் கடனில் மூழ்கிச் சொத்துகளை இழந்த பின்னும், தம் முகத்தின் சுருக்கங்களையும் தளர்ந்த தோலையும் தடித்த வண்ணப்பூச்சால், எவ்வித ஒப்பனையுமின்றி, இறந்த ஆண்டான 1669 வரை அவர் வரைந்துகொண்டே இருந்தார். நாம் பெரும்பாலும் அச்சுப் படிகளையே பார்ப்பதால் அந்தப் பூச்சின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லியோனார்டோ கட்சிக்கு இங்கே ஆள் அதிகம் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.