வாசகர் கேள்வி: வெளியீட்டுக்கு முந்தைய வாரச் சோதனை போதுமா?

கேள்வி: சிறு நிறுவனங்களுக்கான சம்பளக் கணக்கு மென்பொருளைக் கிளவுடில் நடத்துகிறோம்; மொத்தம் 6 பேர். பாதுகாப்புச் சோதனையை வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் செய்தால் போதாதா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: போதாது. அப்போது பிழை தெரிந்தாலும் வெளியீட்டைத் தள்ளிவைக்க யாருக்கும் மனம் வராது.

முதலில், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் உங்கள் கிட் (Git) களஞ்சியத்தைப் பாருங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லோ கிளவுட் அணுகல் சாவியோ ஏதேனும் ஒரு கோப்பில் எழுதப்பட்டு, பின்னர் அழிக்கப்பட்டிருந்தாலும், களஞ்சியத்தின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். ஆகவே அந்த வரியை நீக்குவதோடு நிற்காமல், சாவியையே செல்லாததாக்கி, புதியதை ரகசியங்களுக்கென உள்ள பெட்டகச் சேவையில் வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம்.

அடுத்து, நிரல் சேர்க்கப்படும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும் சோதனைகளில், வெளி நூலகங்களின் (பிறர் எழுதி, நீங்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளின்) அறியப்பட்ட ஓட்டைகளைத் தேடும் கருவியையும் இணையுங்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே (Log4j) என்ற நூலகத்தின் ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த நூலகம் தங்கள் மென்பொருளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பல நிறுவனங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

கிளவுட் நிறுவனம் தன் கட்டடத்தையும் சர்வரையும் காக்கும்; எந்தச் சேமிப்பகத்தை யார் திறக்கலாம் என்பது உங்கள் பொறுப்பு.

சம்பள விவரம் கசிந்தால், வாடிக்கையாளர் சார்பில் அதைக் கையாளும் நீங்கள் தாமதமின்றி அவருக்குச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டோர் 500 அல்லது அதற்கு மேல் என்றால், அவர் அதை உறுதிசெய்த 3 நாள்களுக்குள் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவுகள் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கையைக் கணக்கிடுவதே கடினம்.