கசால்ஸ் வெள்ளை மாளிகையில் வாசித்த பதிவு: கேள்வி பதில்

1961 நவம்பர் 13 அன்று அதிபர் கென்னடியின் அழைப்பில் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் பாப்லோ கசால்ஸ் வெள்ளை மாளிகையில் செல்லோ (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய வாத்தியம்) வாசித்தார். பியானோ ஹோர்ஷோவ்ஸ்கி. மென்டல்சன் ட்ரையோவில் (மூன்று வாத்தியங்களுக்கான படைப்பு) வயலின் ஷ்னைடர். அந்த நேரடிப் பதிவைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: ஷூமனின் ‘அடாஜியோ, அலெக்ரோ’வில் யாரோ முனகுகிறார்கள். என் ஃபைல் கெட்டுவிட்டதா சார்?

ப: கெடவில்லை. அது கசால்ஸின் குரல். அப்போது அவருக்கு 84 வயது. ஷூமன் இதை 1849இல் ஹார்னுக்காக எழுதினார். ஹார்ன் ஊதுபவர் இடையில் மூச்சு வாங்கியாக வேண்டும், வில்லுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் கசால்ஸ் வாசிப்பது பாடுகிறவர் மூச்சைப் பிடித்து விடுவது போலவே இருக்கிறது. அந்தக் குரலையும் சேர்த்துத்தான் நான் இதை விரும்புகிறேன்.

கே: நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அதை எடுத்துவிடலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம். செல்லோவும் ஆண் குரலும் ஒரே அதிர்வெண் வட்டாரத்தில் புழங்குகின்றன. குரலைச் சுரண்டினால் செல்லோவின் தோலும் உரிந்து வரும்.

கே: ஃபோனில் கேட்டால் செல்லோ மெலிசாக இருக்கிறதே?

ப: செல்லோவின் அடித் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள்.

கே: பியானோ பக்கவாத்தியம்தானே? ஏன் இவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது?

ப: பக்கவாத்தியம் இல்லை. இந்தப் பதிவில் இல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன்: பிராம்ஸ் தன் முதல் செல்லோ சொனாட்டாவுக்கு (ஓபஸ் 38, அதாவது படைப்பு எண் 38) ‘பியானோவுக்கும் செல்லோவுக்கும்’ என்றுதான் தலைப்பு வைத்தார். பியானோதான் முன்னால்.

கே: தலைப்பை விடுங்கள். மிருதங்கத்துக்கும் தனி ஆவர்த்தனம் உண்டு, அதனால் அது பக்கவாத்தியம் இல்லை என்று ஆகிவிடுமா?

ப: நல்ல கேள்வி. தனி ஆவர்த்தனத்தில் பாடகர் ஒதுங்கி இடம் கொடுக்கிறார். இங்கே யாரும் ஒதுங்குவதில்லை. அதே சொனாட்டாவின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். பியானோவின் இடது கை தனியாகத் தொடங்குகிறது, அதையே செல்லோ அடுத்து எடுக்கிறது, அப்புறம் வலது கை. பக்கவாத்தியம் முதலில் எடுத்துக்கொடுத்து வித்வான் பின்னால் வருவாரா?

கே: அப்படியானால் கச்சேரிக்கு ஏன் ‘கசால்ஸ் கச்சேரி’ என்று பெயர்?

ப: அதற்குக் காரணம் அரசியல். ஸ்பெயின் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்த நாடுகளில் வாசிப்பதில்லை என்று விரதமாக இருந்தவர், கென்னடியின் மேல் வைத்த மதிப்பால் வந்தார். மக்கள் அவரைப் பார்த்தார்கள். இசையில் ஹோர்ஷோவ்ஸ்கி அவருக்குச் சமம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கே: என் மகளுக்கு எந்த வயதில் செல்லோ தொடங்கலாம்?

ப: நான் பதிவுகள் சேகரிப்பவன். ஆசிரியரிடம் கேளுங்கள் அம்மா.

கே: பதிவில் முனகல் சத்தம்...

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: எனக்கும் முனகல் கேட்கிறது. ஃபில்டர் எது நல்லது?

ப: எதுவும் இல்லை. ஃபில்டர் போடாமல், கடைசியில் வரும் கதலான் நாட்டுப்பாடல் ‘பறவைகளின் பாட்டு’ வரை கேளுங்கள். அங்கேயும் அவர் குரல் கேட்கும். அப்புறமும் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.