கடனைக் கட்டறதுக்கும் கூலி குடுக்கோணுமுங்களா?

வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்ததுல பாதிக்கு மேல கடன் சமாச்சாரம்தானுங்க. அதுல மூணை மட்டும் எடுத்திருக்கேன். மொதக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம், காப்பி வெச்சுக்கிட்டு உக்காந்துக்கோங்க.

கேள்வி: ஏனுங்க சார், என்ற பையன் இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் வேலைல இருக்கறான். படிக்கப் போனப்ப வாங்குன கிரெடிட் கார்டு மூணுலயும் சேந்து இப்ப 9,600 பவுண்டு கடன் நிக்குது. மாசம் 200 பவுண்டுதான் அவனால ஒதுக்க முடியுது. ஒரு கம்பெனிக்காரங்க போன் பண்ணி, உங்க கடனையெல்லாம் ஒண்ணாச் சேத்து நாங்க பேங்குக்காரங்ககிட்டப் பேசிக்கறோம், மாசம் 35 பவுண்டு எங்க பீஸுன்னு சொல்லியிருக்காங்க. கூட வேலை செய்யற பொண்ணு, அதே வேலைய ஒரு டிரஸ்டு சும்மாவே பண்ணித் தருதே, நீ எதுக்குக் காசு குடுக்கறேங்குதாம். சும்மா செய்யறவன் ஒழுங்காச் செய்வானா, காசு வாங்கறவன்தான் பொறுப்பாப் பாப்பான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. குடோன்ல இருக்கற மஞ்சளை வித்து மொத்தமா அனுப்பிரலாமான்னும் ஒரு ரோசனை. - ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மொதல்ல மஞ்சள் குடோன்லயே இருக்கட்டுமுங்க. அதைப் பத்திப் பொறவு பேசிக்கலாம்.

அந்த ஊர்ல இதுக்கு டெப்ட் மேனேஜ்மென்ட் பிளான்னு பேரு, சுருக்கமா டி.எம்.பி. விசயம் ரொம்ப சிம்பிளுங்க, பையன் மாசம் ஒரே ஒரு தொகை கட்டுவான், நடுவுல இருக்கறவங்க அதை வாங்கி மூணு கார்டுக்கும் பங்கு பிரிச்சு அனுப்புவாங்க, வட்டியக் கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னு பேங்குகிட்டக் கேப்பாங்க. இது கோர்ட்டு ஆர்டர் கிடையாது, ஒரு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் மாதிரிதான், பேங்கு வட்டிய நிறுத்தியே ஆகோணும்னு கட்டாயமில்லீங்க, ஆனா நிறையப் பேரு நிறுத்தறாங்க. இந்த வேலையக் காசு வாங்கிட்டுச் செஞ்சாலும் இதுதான், வாங்காமச் செஞ்சாலும் இதேதான். பீஸ் வாங்கற கம்பெனி சொன்னா பேங்குக்காரன் எச்சாத் தள்ளுபடி குடுப்பான்னு எல்லாம் ஒண்ணும் இல்லீங்க.

சரி, உங்க வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். நம்மூர்ல சும்மா குடுக்கறேன்னு எவனாச்சும் வந்தா முதுகுக்குப் பின்னால என்ன வெச்சிருக்கான்னுதான் பாப்போம். அங்க ஸ்டெப்சேஞ்ச்னு ஒரு அறக்கட்டளை இருக்குதுங்க, 1993ல ஆரம்பிச்சது, அப்ப வேற பேரு, 2012லதான் இந்தப் பேருக்கு மாறுச்சு. பேபிளான்னு இன்னொண்ணு, அது கம்பெனிதான், ஆனாலும் கடன் வாங்குனவங்ககிட்டக் காசு வாங்காது. அப்பறம் ஆபீஸ் வாடகை, ஆளுங்க சம்பளம் எல்லாம் எங்கிருந்து வருதுன்னா, கடன் குடுத்த பேங்குக தர்றாங்க. வராமயே போயிருக்க வேண்டிய பணம் ஒழுங்கா மாசாமாசம் வந்து சேருதுல்ல, அதுக்கு நன்கொடையா ஒரு பங்கைத் திருப்பிக் குடுக்கறாங்க. அதனால பையன் கட்டற 200 பவுண்டும் முழுசா கடனுக்கே போகும். சும்மாங்கறது தர்மத்துக்கு இல்லீங்கம்மா, கூலிய எதிர்ப்பக்கம் குடுக்குது, அவ்வளவுதான்.

உங்க பையனுக்கு அந்தக் கம்பெனிக்காரன் அனுப்புன மாதிரித் தாளை வாட்ஸ்அப்ல போட்டிருந்தீங்கல்ல, அதை நானு கண்ணாடி போட்டுப் பெருசு பண்ணிப் பாத்தேன். மேல கொட்டை எழுத்துல "நீங்கள் கட்டுவது 200". கீழ மூணு கார்டுக்கும் 82, 51, 32ன்னு போட்டிருக்கான். கூட்டிப் பாருங்க, 165தான் வருது. மீதி 35 எங்கன்னு தேடுனா அடியில பொடி எழுத்துல, கடலைப்பருப்பு சைஸ்ல கூட இல்ல, கடுகு சைஸ்ல கிடக்குது. வட்டி நின்னுருச்சுன்னே வெச்சுக்குவோம். 9,600ஐ 200ஆல வகுத்தா 48 மாசம், நாலு வருசத்துல முடிஞ்சுது. 165ஆல வகுத்தா 58 மாசத்துக்கு மேல. ஆக பத்து மாசம் எச்சா, பீஸு மட்டும் 2,000 பவுண்டத் தாண்டும், நம்ம காசுக்கு ரெண்டு லட்ச ரூவாய்க்கு மேல. அந்தப் பத்து மாசமும் பையன் ஒரு கல்யாணங்காச்சிக்கு ஊருக்கு வரோணும்னாலும் டிக்கெட் போட யோசிப்பான்.

காசு வாங்கறவன் பொறுப்பாப் பாப்பான்னு சொன்னீங்க. அங்க இருக்கற எஃப்.சி.ஏ.ங்கற அமைப்பு, நம்ம ரிசர்வ் பேங்கு மாதிரி ஒரு மேஸ்திரின்னு வெச்சுக்கோங்க, 2014 ஏப்ரல்ல இருந்து இந்தத் தொழிலை அதுதான் பாக்குது. பீஸ் வாங்கற கம்பெனியே, இலவச ஆலோசனையும் கிடைக்குது, மணிஹெல்ப்பர்ங்கற அரசாங்க இலவச சேவைல பாத்துக்கோங்கன்னு வாடிக்கையாளருக்குச் சொல்லியாகோணும்ங்கறது அது போட்ட ரூல். பையனுக்குப் போன் பண்ணவன் அதைச் சொன்னானான்னு கேளுங்க. சொல்லலைன்னா அங்கயே கதை முடிஞ்சுது. கம்பெனி பேரை எஃப்.சி.ஏ. ரிஜிஸ்டர்ல தேடியும் பாக்கச் சொல்லுங்க, ஆன்லைன்லயே இருக்குது. இன்னொரு விசயம், தானா வந்து போன் பண்ணவன்ல பலபேரு வேலைய அவனே செஞ்சதில்லீங்க, ஆளைப் புடிச்சு இன்னொருத்தன்கிட்டத் தள்ளி விட்டுட்டுக் கமிஷன் வாங்கிட்டிருந்தான், நம்ம மாட்டுச்சந்தைத் தரகு மாதிரி. அந்தக் கமிஷனை 2023ல எஃப்.சி.ஏ. தடை பண்ணிருச்சு.

பையனுக்கு ரெண்டு எச்சரிக்கை. வீட்டு வாடகை, கவுன்சில் டேக்ஸ் (நம்மூர் வீட்டு வரி மாதிரி), கரண்டு பில்லு பாக்கி இருந்தா அதுக்குத்தான் மொத மரியாதை, டி.எம்.பி.ங்கறது கார்டு, பர்சனல் லோன் மாதிரிக் கடனுக்குத்தான். டி.எம்.பி. போட்டாலும் கிரெடிட் ரிப்போர்ட்ல அடி விழத்தான் செய்யும், இலவசமா வாங்கினாலும் அதேதான், அதை மறைக்கறது நியாயமில்ல. ரொம்ப நெருக்கறாங்கன்னா இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2021 மே மாசத்துல இருந்து பிரீத்திங் ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்குது, 60 நாளைக்கு வட்டியும் வசூலும் பெரும்பாலும் நின்னுரும், ஆனா அதைக் கடன் ஆலோசகர் மூலமாத்தான் போட முடியும். அதுக்கும் இலவச ஆலோசகரு போதும்.

மஞ்சளுக்கு வரேன். அதை வித்து அனுப்பறதுன்னா நேரா கார்டுக் கடனுக்கு அனுப்புங்க, வட்டி அதிகமா ஓடற கார்டுக்கு மொதல்ல. பீஸுக்கு ஒரு கிழங்குகூட வேண்டாமுங்க.

கேள்வி: அண்ணா, நானு திருப்பூர்ல பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் பண்றேன். ஆர்டர் கொறஞ்சதுல ரெண்டு கார்டுல 2,40,000, பர்சனல் லோன் 4,00,000, ஆக 6,40,000 கடன். ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு. ஒரு செட்டில்மென்ட் கம்பெனிக்காரங்க, இ.எம்.ஐ. கட்டறதை நிறுத்துங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாதிக்கு முடிச்சுத் தர்றோம், மொத்தக் கடன்ல 15 பர்சன்ட் பீஸுன்னாங்க. போலாமுங்களா? - ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: போகாதீங்க தம்பி. மேல கோபி அம்மாவுக்குச் சொன்னதும் இதுவும் ஒண்ணு மாதிரித் தெரியும், ஆனா வேற. அது முழுக்கடனையும் மெதுவாக் கட்டற வழி. இது கட்டாம விட்டு, பேங்குக்காரன் வெறுத்துப் போயி வர்றது வரட்டும்னு கொறைச்சுக்கறதுக்குக் காத்திருக்கற வழி. அந்த ஆறு மாசமும் அடி வாங்கறது யாரு? கம்பெனிக்காரன் இல்ல, நீங்கதான்.

கணக்கைப் பாருங்க. பாதிக்கு முடிஞ்சுதுன்னே வெச்சுக்குவோம், 3,20,000. பீஸு 15 பர்சன்ட்னா 96,000, அதுக்கு ஜி.எஸ்.டி. 18 பர்சன்ட் 17,280. ஆக 4,33,280. இதுக்கிடையில கார்டு வட்டி மாசம் 3.5 பர்சன்ட்னு வெச்சா 2,40,000க்கு மாசம் 8,400, ஆறு மாசத்துல 50,000 தாண்டிருது, வட்டிக்கு வட்டிய நானு சேக்கவே இல்ல. இ.எம்.ஐ. 90 நாளைத் தாண்டி நின்னா கணக்கு வாராக்கடன் ஆயிரும். செக்கோ ஆட்டோ டெபிட்டோ திரும்புச்சுன்னா கேஸு போட வழியிருக்குது. அத்தனையும் பட்டு முடிச்ச பொறவு சிபில் ரிப்போர்ட்ல "செட்டில்டு", அதாவது கொறைச்சுக் கட்டுனதுன்னு ஏறும், "குளோஸ்டு", முழுசாக் கட்டி முடிச்சதுன்னு ஏறாது. நாளைக்கு நல்ல ஆர்டர் வந்து ஓவர்லாக் மிசினுக்கு லோன் கேக்கப் போனா அந்த ஒரு வார்த்தைதான் முன்னால வந்து நிக்கும்.

நானு பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவன், மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருசம் உக்காந்திருக்கேன், அதனால ஒண்ணு சொல்றேன். ஏஜென்சிக்காரன் கலர் லெட்டர்பேடுல கொண்டாந்த லெட்டரும், ஒரு விவசாயி மளிகைக்கடை பில்லுக்குப் பின்னாடி பால்பாயின்ட் பேனாவுல எழுதிக் கொண்டாந்த லெட்டரும் ஒரே பைல்லதான் போகும். அந்த மளிகைக்கடை பில்லு இன்னும் நெனப்புல இருக்குது, முன்பக்கம் தட்டப்பயிறு ரெண்டு கிலோ, பின்பக்கம் "ஐயா, மாசம் மூவாயிரம் கட்ட முடியும், மேல முடியாது". அந்தக் கணக்குக்குத் தவணைய நீட்டிக் குடுத்தோம். மேல ஆபீசுல பாக்கறது வருமானம் எவ்வளவு, உண்மையிலயே முடியலையா, எவ்வளவு கட்டுவான், இது மூணுதான்.

அதனால நீங்களே போங்க. கார்டு பாக்கிய இ.எம்.ஐ.யா மாத்திக் குடுங்க, வட்டி நல்லாக் கொறையும், பர்சனல் லோனுக்குத் தவணைக் காலத்தை நீட்டுங்கன்னு எழுதி மெயில்லயும் அனுப்புங்க, நேர்லயும் குடுத்து சீல் வாங்கிக்கோங்க. ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்டு, ஜாப் ஒர்க் பில்லு எல்லாம் கூட வைங்க. வீட்டுல சும்மா கிடக்கற நகை இருந்தா, அம்மிணிகிட்டக் கேட்டுட்டு, பேங்குல நகைக்கடன் போட்டுக் கார்டை மொதல்ல அடைங்க, கார்டு வட்டியோட நாலுல ஒரு பங்குல வர்ற வட்டி அது. ஆனா அடைச்ச கையோட கார்டை வெட்டிப் போடோணும், இல்லீன்னா ரெண்டு கடனாகும், இதைப் பல வீட்டுல பாத்துட்டேன்.

அதுக்கும் ஆகலைன்னா ஓ.டி.எஸ்., அதாவது கொறைச்ச தொகையக் கட்டி ஒரேயடியாக் கணக்கை முடிக்கறது, அதையும் நீங்களே கேக்கலாம். இந்த மாதிரி சமரசத் தீர்வுக்கு எல்லா பேங்கும் போர்டுல பாலிசி வெச்சிருக்கோணும்னு ரிசர்வ் பேங்கு 2023 ஜூன் 8ல சொல்லியிருக்குது, அதுல அதே பேங்குல மறுபடி கடன் வாங்கறதுக்குக் கொறைஞ்சது 12 மாசம் இடைவெளியும் இருக்குது. லெட்டர்பேடுல செட்டில்மென்ட் லெட்டர் கைக்கு வராம ஒரு ரூவா கட்டாதீங்க. கட்டறதும் லோன் அக்கவுன்டுக்குத்தான், வசூலுக்கு வர்ற பையனோட ஜிபேக்கு இல்ல. லோக் அதாலத்தும் இருக்குது, கோர்ட்டு பீஸு கிடையாது, முடிவான பின்னால அப்பீலும் கிடையாது, அதனால கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு தடவை படிங்க. கோவை, திருப்பூர், ஈரோட்டுக்கெல்லாம் கனரா வங்கிதான் லீட் பேங்கு, அதாவது மாவட்டத்து முன்னோடி வங்கி, அவங்க நடத்தற நிதிக் கல்வி மையத்துல கடன் ஆலோசனை சும்மாதான் குடுப்பாங்க, போனா போர்டு தொங்கும் ஆளு இல்லாமலும் இருக்கலாம், ரெண்டு தடவை நடக்கறதுக்குத் தயாராப் போங்க.

வசூல் ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்குப் பின்னாடியும் போன் பண்ணக்கூடாது. மீறுனா பேங்குக்கு எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்கு ஓம்புட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போடுங்க, 14448க்குக் கூப்பிட்டா வழி சொல்லுவாங்க, அதுக்கும் பீஸு இல்லீங்க.

கேள்வி: எங்கூர்ல ஒருத்தரு குழுக்கடனையெல்லாம் தள்ளுபடி பண்ணி சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு தலைக்கு 2,500 வசூல் பண்றாரு. பாதிப் பேரு குடுத்துட்டாங்க. நானும் குடுக்கட்டுங்களா? - ஒரு வாசகி, வெள்ளகோவில்

பதில்: வேண்டாம் கண்ணு. கடன் தள்ளுபடி சர்டிபிகேட்டுன்னு காசு வாங்கறவங்களை நம்பாதீங்கன்னு 2023 டிசம்பர் 11லயே ரிசர்வ் பேங்கு எச்சரிக்கை விட்டிருக்குது. அந்தத் தாளைக் காட்டுனா கடன் குடுத்தவன் ஒரு ரூவா கொறைக்க மாட்டான். அது மட்டுமில்ல, தள்ளுபடிதான் ஆச்சேன்னு தவணைய நிறுத்துனா கூட இருக்கற நாலு பொம்பளைக மேலயும் சுமை ஏறும், பொழுதோட வாசல்ல சண்டை, ஒறம்பரை முன்னாடி மானம் போகும்.

குழுக்கடன் வசூலுக்குத் தனி ரூலு இருக்குது, காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்குப் பின்னாடியும் கூப்பிடக்கூடாது, ரெண்டு பேரும் பேசி வெச்ச பொது இடத்துலதான் வாங்கோணும், அடுத்தடுத்து ரெண்டு தடவையாச்சும் நீங்க வராம இருந்தாத்தான் வீட்டுக்கு வரலாம். கட்ட முடியலைன்னா அதைக் கம்பெனிக்காரன்கிட்ட முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்கிக்கோங்க. காசு குடுத்தவங்க எல்லாம் அந்த ஆளுகிட்ட ரசீது கேளுங்க. குடுக்க மாட்டேன்னா நாலு பேரா சேந்து ஸ்டேஷனுக்குப் போங்க, போறப்ப அந்த சர்டிபிகேட்டைக் கிழிச்சுப் போடாம கையோட எடுத்துட்டுப் போங்க.