ஹீட்டர் கோர்: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஹீட்டரைப் போட்டதும் காருக்குள் தித்திப்பான வாடை வீசுகிறது; முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவியதுபோல் மங்கிவிடுகிறது. ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, டேஷ்போர்டைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரேக் பேட், ரேடியேட்டர் ஹோஸ் போன்றவற்றை நானே மாற்றிப் பழகியவன். இதையும் செய்து பார்க்கலாமா?

பதில்: செய்யலாம். ஆனால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் முன்சீட்டுக்குக் கீழே இருக்கும் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்து, அதை விரலால் தேய்க்கும்போது வழுவழுப்பும் நிறமும் தெரிந்தால் அது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். வெறும் தெளிந்த நீராக இருந்தால், ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். ருசித்துப் பார்க்க வேண்டாம், கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திப்பான நஞ்சு. வடித்தெடுத்ததை நாய், பூனை நக்கிவிடாதபடி உடனே மூடி வையுங்கள்.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். என்ஜினில் சூடான கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் புகுந்து மற்றொன்றின் வழியாகத் திரும்ப, புளோயர் ஊதும் காற்று அதன் தகடுகளுக்கிடையே கடந்து சூடாகிறது. பொருள் சிறியது என்றாலும் அதைச் சென்றடையும் வழி நீண்டது. சில கார்களில் கால் வைக்கும் பக்கத்து மூடியைக் கழற்றினாலே கோரை உருவிவிடலாம். வேறு சிலவற்றில் ஸ்டியரிங் கம்பத்தை இறக்கி, டேஷ்போர்டு முழுவதையும் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். உங்கள் கார் எந்த வகை என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏசி குழாய்களைப் பிரித்தால்தான் கோர் வெளியே வரும் என்று அதில் இருந்தால், கேஸை உரிய கருவியால் வெளியேற்றும் வேலையையாவது ஏசி மெக்கானிக்கிடம் விடுங்கள். அதைக் காற்றில் திறந்துவிடக் கூடாது.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே கூலன்ட்டை வடியுங்கள். ஏர்பேக் அருகே கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்; கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே இருக்கும்படி வையுங்கள். கோரின் குழாயில் ஒட்டிப்போன பழைய ஹோஸை முறுக்கி இழுக்காமல், கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே நல்லது. ஹோஸை எப்படியும் புதிதாகப் போடப்போகிறீர்கள். கழற்றும் ஸ்க்ரூக்களை இடவாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டு எழுதி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கி, உள்ளே ஓடும் வயரைத் துளைத்த அனுபவம் எனக்கு உண்டு. அன்று ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, ஹாரன் வேலை செய்யவில்லை.

புதிய கோரைச் சுற்றிப் பஞ்சுப் பட்டையை ஒட்ட மறவாதீர்கள். அது இல்லையென்றால் காற்று கோருக்குள் நுழையாமல் ஓரமாக நழுவிவிடும். டேஷ்போர்டை மூடுவதற்கு முன்பே கூலன்ட்டை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் பூட்டிய பின் ஒரு சொட்டு கசிந்தாலும் வேலை மறுபடி முதலிலிருந்துதான். உங்கள் காருக்கு உரிய கூலன்ட் வகையை மட்டும், கலக்காத கூலன்ட் என்றால் பெரும்பாலும் அதே அளவு டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும் வரை மட்டத்தைக் கவனித்து நிரப்ப வேண்டும்.

கேள்வி: எங்கும் ஒழுகவில்லை, ஆனால் ஹீட்டரில் சூடே வருவதில்லை. கோரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். என்ஜின் நன்கு சூடான பிறகு, சுழலும் விசிறியிலிருந்து விலகி நின்று, கோருக்குச் செல்லும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் கோரில் பழுதில்லை. சூடான காற்றைத் திருப்பிவிடும் கதவு சிக்கியிருக்கலாம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் கூலன்ட் மட்டத்தையும், சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றொன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் மட்டுமே கோர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும், என்ஜின் ஆறிய பின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். துருநிறச் சேறு வந்து ஓய்ந்து தண்ணீர் தெளிந்துவிட்டால், டேஷ்போர்டைத் தொடவேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.