வெறும் குழாய் போதாதா?

வணக்கம் அண்ணா,
வகுப்பில் வாயு அகத்துறிஞ்சல் படிக்கிறோம். வாயுவைத் தண்ணீரில் கரைக்கத்தானே வேண்டும்? வெறும் குழாயில் மேலிருந்து தண்ணீரைத் தெளித்தால் போதாதா? நிரல் எனும் உயரமான குழாய்க்குள் தட்டுகளையோ வளையங்களையோ வைப்பது எதற்கு? இரண்டில் எது நல்லது?
ஒரு மாணவி, கல்முனை

அன்புள்ள தங்கச்சி,

வாயு தண்ணீருக்குள் போவது இரண்டும் தொடுகிற பரப்பு வழியாகத்தான். வெறும் குழாயில் அந்தப் பரப்பு போதாது. 1836இல் இங்கிலாந்தில் வில்லியம் கொசேஜ் என்ற இரசாயன உற்பத்தியாளர், சலவைச் சோடா ஆலையின் ஐதரசன் குளோரைட்டு வாயுவைப் பிடிக்க, பாழடைந்த காற்றாலைக்குள் முட்செடிச் சுள்ளிகளை அடைத்துத் தண்ணீர் விட்டார். சுள்ளிகளெல்லாம் நனைந்து, வாயு தொட்டுப் போக ஏராளமான ஈரம் கிடைத்தது. இன்றைய பீங்கான் வளையங்கள் செய்வதும் அதே வேலைதான்.

ஆனால் அடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆரையம்பதியில் எங்கள் வளவில் நாலு அங்குல பிவிசி பைப் ஒன்றில் ஓட்டுத் துண்டுகளை நிரப்பி, நடுவில் தண்ணீர் ஊற்றினேன். கீழே பைப்பின் ஓரமாகவே வடிந்தது. துண்டுகளைக் கொட்டிப் பார்த்தால், அடியில் நடுவில் கிடந்தவை பல காய்ந்தே இருந்தன. அந்தக் காய்ந்த வழியே போகும் வாயு கழுவப்படாமலே வெளியேறும். உயரமான நிரல்களில் இடையிடையே தண்ணீரைத் திரட்டி மறுபடி பரப்பிவிடுவது இதனால்தான்.

தட்டு நிரலில் இந்தத் தொல்லை இல்லை. துளையிட்ட ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் தேங்கி நிற்க, வாயு அதற்குள் குமிழியிட்டு ஏறும். வாயு மெதுவாக வந்தால் தண்ணீர் துளை வழியே ஒழுகும். மிஞ்சி வந்தால் நுரை மேல்தட்டுக்கே ஏறிவிடும். கரையும்போது சூடு கிளம்பினால் தட்டில் குளிர்சுருள் வைக்கலாம். அமிலம், நுரைக்கும் திரவம், ஒடுங்கிய நிரல், ஏறும் வாயுவின் அமுக்கம் அதிகம் குறையக்கூடாத இடம் என்றால் நான் வளையத்தையே எடுப்பேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது: தண்ணீர் மேலிருந்தும் வாயு கீழிருந்தும் ஏன் வருகின்றன? கரையும் அளவு அந்த வாயுவின் பகுதியமுக்கத்துக்கு, அதாவது கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அமுக்கத்துக்கு, விகிதசமம் என்று 1803இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் காட்டினார். ஏறக்குறைய சுத்தமாகி மேலே வந்த வாயுவில் அந்த அமுக்கம் மிகக் குறைவு. எதுவும் கரையாத புதுத் தண்ணீர்தான் மிச்சத்தையும் இழுக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கவும் வேண்டும்: ஒரு வளிமண்டல அமுக்கத்தில், 0 பாகையில் லீற்றருக்கு 3.3 கிராம் காபனீரொட்சைட்டை ஏற்கும் தண்ணீர், 25 பாகையில் 1.5 கிராம்தான் ஏற்கும். நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயமல்ல.

பைப் கிடைத்தால் நீங்களும் ஊற்றிப் பாருங்கள். துண்டின் அளவு, பைப்பின் விட்டத்தில் எட்டில் ஒன்றைத் தாண்டக்கூடாது. நான் ஓர் அங்குலத் துண்டுகளைப் போட்டிருந்தேன். நீங்கள் அரை அங்குலத்துக்கும் சிறிதாக உடையுங்கள்.